அண்ணி வீட்டுத் தட்டுகளும் ஐந்து பெடல்களும்

சென்ற மாதம் இரண்டு சனிக்கிழமைகள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டிலேயே கழிந்தன. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து, கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பாஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று வழி நெடுக வெயில். சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிப் பெடல்கள், அதாவது கிட்டாரின் ஒலியை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒன்பதரை சென்டிமீட்டர் நீளம்கூட இல்லை. அகலம் நான்கு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பள்ளி ஆய்வகத்து அளவுகோலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவில் பதினான்கு ஆண்டுகளாக பாஸ் வாசிக்கிறேன். அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவனுக்குக் கிட்டார்தான் உயிர். பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசை நாளை ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அதில் இந்த ஆண்டு அவனும் நண்பர்களும் வாசிக்கப் போகிறார்கள். பாஸ் வாசிக்க ஆள் இல்லை. "அத்தை, நீங்கள் வாருங்கள்" என்றான். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெடலுக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்துக்கொண்டோம். வாங்கியவை இரண்டு, நண்பர்களிடம் இரவல் வாங்கியவை மூன்று: ஓவர்டிரைவ் (ஒலியைச் சிதைத்து உறும வைப்பது), கம்ப்ரஸர் (ஒலியளவைச் சமன்செய்வது), கோரஸ் (ஒரே சுரத்தைப் பலர் சேர்ந்து வாசிப்பது போல ஆக்குவது), டிலே (எதிரொலி தருவது), பாஸுக்கென்றே செய்த ஒரு பிரீஆம்ப் (ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன் ஒலியைச் செப்பனிடுவது).

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் எவர்சில்வர் தட்டு ஸ்டாண்ட். பன்னிரண்டு அங்குல ஒலிபெருக்கி கொண்ட பாஸ் ஆம்ப்ளிஃபயரில் கேபிளைச் செருகி, ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினேன். சமையலறையில் தட்டுகள் ஜிர்ரென்று அதிர்ந்தன. இ கம்பியை மீட்டினால் அதிர்வில்லை. ஏ கம்பிக்கு மட்டும் அந்த ஸ்டாண்ட் முழுக்கப் பதில் சொன்னது. அந்தக் கம்பியின் அதிர்வெண் 55 ஹெர்ட்ஸ். இசைக்கவையும் காற்றுத் தம்பமும் வைத்து ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஒத்ததிர்வு நடத்துகிறேன். இத்தனை அழகான செய்முறை ஒருநாளும் எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் பச்சை நிற ஓவர்டிரைவை மிதித்தேன். கூடம் முழுக்க உறுமல். அண்ணன் மகன் முகம் மலர்ந்துபோய்த் தலையை ஆட்டினான். எனக்கும் ஒரு கணம் அது பிடித்துப்போனது. அப்போது உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "தட்டு ஆடுவது நின்றுவிட்டதே, உன் பாஸை எடுத்து வைத்துவிட்டாயா? அவன் மட்டும்தான் வாசிக்கிறானா?"

பெடலை அணைத்து அதே கம்பியை மீட்டினேன். தட்டுகள் ஆடின. மறுபடி மிதித்தேன். அடங்கின.

இதற்குக் காரணம் சுற்றிலேயே இருக்கிறது. 1970-களின் இறுதியில் ஐபனெஸ் வெளியிட்ட டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலின் வழிவந்தவை, இன்று மலிவு விலையில் கிடைக்கும் பச்சைப் பெட்டிகளில் பெரும்பாலானவை. அந்தச் சுற்றில் ஒலியைப் பெருக்கிச் சிதைக்கும் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழு வலுவோடு வேலை செய்யும். அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். பாஸின் இ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது 720-க்கு நான்கு ஸ்தாயி கீழே. மேல் சுரங்கள் பல மடங்கு பெருகும்போது அடிச் சுரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மொத்த ஒலியளவு கூடாமலிருக்கப் பெடலின் 'லெவல்' குமிழைக் குறைத்ததும் அந்த அடிச் சுரமும் சேர்ந்து தாழ்ந்துவிடுகிறது, தட்டுகள் அடங்குகின்றன. காது மேலே இருப்பதையே கேட்கிறது. அடி காணாமல் போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பெடலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதையே அண்ணன் மகனின் கிட்டாருக்கு மாற்றினோம். அவன் வாசிக்க, நான் பெடல் எதுவும் இல்லாமல் கூடவே வாசித்தேன். அவன் கிட்டாரில் கீழ்ப்பகுதி விலகி நின்றதால் என் பாஸுக்கு இடம் கிடைத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் மிதிக்காமல் வாசிக்க முடிந்தது. கிட்டாருக்கு அது குணம், பாஸுக்குக் கேடு. கடைக்காரர்கள் இரண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர் கீழ்க்கம்பியை நன்றாக மீட்டிப் பார்த்துவிட்டே பணத்தை நீட்ட வேண்டும்.

கரகரப்பான ஒலி கிட்டாருக்கே உரியது என்று அண்ணன் மகன் நினைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஓர் ஒலிப்பதிவு நடந்தபோது மிக்சர் பழுதாகி ஒரு வாத்தியத்தின் ஒலியைச் சிதைத்துவிட்டது. அது ஆறு கம்பி பாஸ். அந்தப் பழுதை அப்படியே பாட்டில் விட்டுவைத்தார்கள். பிறகு அதே ஒலியைத் தரும் சிறு பெட்டியைச் செய்து, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆக, இந்த வழியில் முதலில் நடந்தது பாஸ்தான். கேட்டுவிட்டு அவன் என் பாஸைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

என் கையில் நின்றது பெஹ்ரிங்கர் பிடிஐ21. இது பாஸுக்கான பிரீஆம்ப், பிளாஸ்டிக் உடம்பு. அதிலுள்ள ஆறு குமிழ்களில் 'பிளெண்ட்' என்ற ஒன்றுக்காகவே அதை வாங்கலாம். பெடலுக்குள் போகும் முன் இருந்த சுத்தமான ஒலியையும் பெடல் மாற்றிய ஒலியையும் வேண்டிய அளவில் கலக்க அது உதவுகிறது. முழுக்கத் திருப்பியபோது தட்டுகள் தயங்கின. பாதிக்குக் கொண்டுவந்தேன், உறுமலும் இருந்தது, தட்டுகளும் ஆடின. அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்போது சரி" என்றார். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு பெடலை மதிப்பிடும்போது நான் விடாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. கைப்பேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்துவைத்து, பெடலை மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் ஒரே எண் வரும்படி 'லெவல்' குமிழை முதலில் சரிசெய்துகொள்வேன். சற்று உரக்கக் கேட்பது எதுவும் காதுக்கு இனிமையாகவே படும். அந்த மயக்கத்தில் வாங்கி, பத்தே நாளில் விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தனியாக வாசித்துப் பார்த்துத் தீர்மானிப்பதும் போதாது. பிரீஆம்பின் உறுமல் தனியே கேட்கும்போது காய்ந்த கிரைண்டர் ஓடுவது போல இருந்தது. இரண்டாவது சனிக்கிழமை டிரம்ஸ் வாசிக்கும் பையன் வந்தான். அவனுடைய சிம்பலும் கிட்டாரும் சேர்ந்ததும் அந்தக் கரகரப்பு எங்கோ கரைந்துபோய், பாஸின் ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் பிரிந்து கேட்டது. கோரஸ் இதற்கு நேர் எதிர். தனியே கேட்கத் தேன். குழுவில் சேர்ந்ததும் சுருதி தள்ளாடுகிறது, அடித்தளமே ஆட்டம் காண்கிறது. பாஸுக்கென்று செய்யும் கோரஸ் பெடல்களில் கீழ்ச் சுரங்களைத் தொடாமல் விடும் வசதியை வைத்திருப்பார்கள். எங்களிடம் இருந்த குட்டியில் அது இல்லை. அதுவும் கிட்டார் பக்கம் போய்விட்டது.

கம்ப்ரஸரைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வலுவாக மீட்டிய சுரத்தையும் மெதுவாக மீட்டியதையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவருகிறது, அடியைத் தொடவில்லை. திருப்பலியில் நற்கருணைப் பாடலுக்கு நான் விரல் நுனியால் வாசிப்பேன். அங்கே இது உதவும். வரிசையில் அதை முதலில் வையுங்கள். டிலேக்குப் பின்னால் வைத்தால் டிலேயின் இரைச்சலையும் சேர்த்து உயர்த்திவிடும்.

அந்த டிலேயால் எங்களுக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிற்று. பாஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் (பாஸ் கிட்டாரையும் தமிழில் இதே எழுத்துகளால்தான் எழுதுகிறோம்) 1977 முதல் வெளியிட்ட சிறு பெடல்களின் வழியில், இன்று பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகின்றன. அடாப்டர் முனையின் நடுத்துளை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். வீட்டிலிருந்த கீபோர்டின் அடாப்டரோ 12 வோல்ட், நடுவில் பாசிட்டிவ். முனை அளவு ஒன்றுபோலவே இருந்ததால் அண்ணன் மகன் அவசரத்தில் அதைச் செருகிவிட்டான். விளக்கு எரியவில்லை. சரியான அடாப்டரை மாற்றிய பிறகும் எரியவில்லை. இரவல் வாங்கிய பெடல் வேறு; பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்கு திருகுகளைக் கழற்றிப் பின்மூடியை எடுத்தேன். மின்வாயிலுக்குப் பக்கத்திலேயே அரிசி அளவில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு கறுப்பு டையோடு, 1என்4001. மின்சாரம் தலைகீழாக வந்தால் அதைத் தானே தாங்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பதற்காக வைத்தது அது. மல்டிமீட்டரை இரு பக்கமும் மாற்றி மாற்றி வைத்தேன். இரு திசையிலும் பீப் என்றது. காவல் காத்துக் கருகிவிட்டது என்று அர்த்தம். அதை வெட்டி எடுத்துவிட்டு, ஆய்வகப் பெட்டியில் இருந்த புது டையோடை, வெள்ளிக்கோடு சரியான பக்கம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துப் பற்றவைத்தேன். விலை இரண்டு ரூபாய்கூட இருக்காது. விளக்கு எரிந்தது. பையன் என்னைக் கட்டிக்கொண்டான்.

மூடியைப் போடும் முன் உருப்பெருக்கியால் பார்த்தபோது நடுவில் பதினாறு கால்களோடு பிடி2399 என்ற சில்லு தெரிந்தது. மலிவான டிலே பெடல்கள் பலவற்றின் இதயம் இதுதான். கரோக்கே கருவிகளில் பாடுகிறவர் குரலுக்கு எக்கோ சேர்ப்பதும் இதுதான். மூன்றில் ஒரு விநாடிக்கு மேல் இழுத்தால் எதிரொலி மங்கி இரையத் தொடங்கும். கிட்டாருக்கு அந்த மங்கல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, பழைய மைக் செட்டில் கேட்ட திருவிழாப் பாட்டு மாதிரி. கோயிலில் பாஸுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். உயரமான கூரைக்குக் கீழே சுவரே எதிரொலியைத் தந்துவிடுகிறது. இன்னும் கூட்டினால் பாட்டின் சொற்களெல்லாம் சேறாகிவிடும்.

இன்னொரு எதிரி எங்கள் ஊர்க் காற்று. கடற்கரையிலிருந்து வீசும் உப்பு, ஜாக்கிலும் மிதி சுவிட்சிலும் மெல்லப் படிந்து கரகரக்க வைக்கும். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கிறேன். கேபிளைச் செருகியபடியே விட்டுவைப்பதில்லை. பெடல்கள் இப்போது ஒரு பெரிய பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. டின் மூடியில் அண்ணன் மகன் வெள்ளைத் தாள் ஒட்டி, பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறான்: 9 வோல்ட். நடுவில் நெகட்டிவ். அத்தையைக் கேட்காமல் செருகாதே.