வாய்க்கால் கட்டிய ஊர்

இலங்கையின் வடக்கில் உள்ள கிளிநொச்சி என்றதும் பலரும் 1996, 1998, 2009 என்று போர் நடந்த வருடங்களைத்தான் சொல்வார்கள். ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் படம் அவர்கள் மனதில் நிற்கிறது. அந்த அழிவு மறக்கக்கூடியதல்ல. ஆனால் இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் வந்தது என்று அறிய இரணைமடுக் குளத்து வாய்க்கால் கரையால்தான் நடக்க வேண்டும்.

கனகராயன் ஆற்றை மறித்துக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில்தான் முடிந்தது. வடக்கு ரயில் பாதை 1905இலேயே பூர்த்தி. தண்ணீரும் ரயிலும் வந்தும் சுற்றிவரக் காடும் மலேரியாவும்தான். யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் இல்லாதவர்களுக்காக 1936இல் குடியேற்றத் திட்டம் தொடங்கிய பிறகே நகரம் எழுந்தது. தனி மாவட்டமானது 1984இல்.

அந்தக் குடியேற்றத்தின் தடயம் ஊர்ப்பெயர்களில் அப்படியே கிடக்கிறது. உருத்திரபுரத்தில் ‘எட்டாம் வாய்க்கால்’ என்பது ஓர் இடத்தின் பெயர். பிரதான வாய்க்காலில் இருந்து பிரியும் கிளைகளுக்கு இலக்கம் போட்டார்கள். குடியேறிய சனத்துக்கு அந்த இலக்கமே முகவரியாயிற்று.

இரணைமடுவை நம்பி ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்துக்கு, அதாவது மழைக்கால நெல்லுக்கு, மாரிமழை கை கொடுக்கும். வெயில்காலச் சிறுபோகத்துக்குத்தான் குளத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கர் நெல்லுக்கு நாலைந்து ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி) தண்ணீர் வேண்டும். இன்று குளம் நிரம்பினால் 148 மில்லியன் கனமீற்றர், அதாவது சுமார் 120,000 ஏக்கர் அடி. தாளில் எல்லா வயலுக்கும் காணும். ஆனால் பங்குனி, சித்திரையில் குளம் முழுசாக நிற்பது அரிது. வெயிலில் வற்றுவது போக, துருசு எனும் குளத்து மதகு திறந்த பிறகு வாய்க்காலிலேயே ஊறிப்போவதும் உண்டு. புல் மண்டி, கரை உடைந்த கிளை வாய்க்கால் என்றால் தலைப்பக்க வயல் ததும்பும், கடைசி வயல் வெடிக்கும். அதனால்தான் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதற்கு அவ்வளவு வாக்குவாதம். வாய்க்கால் துப்புரவு முடியாமல் துருசு திறக்கக் கூடாது என்று கமக்காரர் நிற்பது நியாயம்.

குளக்கட்டைப் பலமுறை உயர்த்தினார்கள். கடைசியாக நீர் கொள்ளும் உயரம் 36 அடியானது 2018இல். அதே ஆண்டு டிசம்பரில் ஓரிரவு கொட்டிய மழையில் மிகை நீரை வெளியேற்றும் வான் கதவுகள் திறபட, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அது புதுவழி இல்லை. கனகராயன் ஆறு சுண்டிக்குளம் கடல்நீரேரிக்கு இறங்கும் பழைய வழி.