பாயசக் கிண்ணமும் செம்பியும்: ஒரு வாரக் குறிப்புகள்

2024 மார்ச் 9, சனிக்கிழமை, இரவு 11.40

பேத்தியின் பிறந்தநாளுக்காக இன்று மாலை சேமியா பாயசம் வைத்திருந்தேன். அவள் பாதி குடித்துவிட்டுத் திண்ணையில் வைத்த கிண்ணத்தை எங்கள் பூனை செம்பி நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, பாலும் நெய்யும்தானே என்று முதலில் விட்டுவிட்டேன். கிண்ணம் காலியான பிறகுதான் அதில் நெய்யில் வறுத்துப் போட்ட கிஸ்மிஸ் (உலர்திராட்சை) பழங்களும் இருந்தது நினைவுக்கு வந்து நெஞ்சு பதறியது. எத்தனை பழங்கள் இருந்தன என்று கேட்டால் குழந்தைக்கு என்ன தெரியும்?

சின்னமனூரில், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் வாழ்கிற எனக்கு இந்தப் பயம் வருவதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தோட்டத்து நாய் உதிர்ந்து கிடந்த பன்னீர் திராட்சையைத் தின்றது; அடுத்த நாள் வாந்தி எடுத்தது, மூன்றாம் நாள் சிறுநீர் நின்றது, அந்த வாரத்திலேயே இறந்துபோனது. அதே பந்தலின் கீழ் வேறு இரண்டு நாய்கள் பழம் தின்றுவிட்டு இன்றும் நலமாகத் திரிகின்றன. எது தாங்கும், எது தாங்காது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாத பழம் இது.

கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புத் தண்ணீரோ ஹைட்ரஜன் பெராக்சைடோ கொடுத்துவிட வேண்டாம், பூனையின் இரைப்பையை அவையே புண்ணாக்கிவிடும், உடனே கொண்டு வாருங்கள் என்றார். ஆட்டோவில் தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது செம்பி பாயசம் குடித்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வாந்தி எடுக்க வைக்கும் ஊசி பூனைகளிடம் எப்போதும் பலிப்பதில்லை என்று சொல்லித்தான் போட்டார், ஆனால் கால் மணி நேரத்தில் ஊறிப் பருத்த நான்கு கிஸ்மிஸ்கள் வெளியே வந்தன. உள்ளே இன்னும் இருக்கிறதா என்பது தெரியாததால் இரத்தம் எடுத்துவிட்டு, முன்னங்காலில் ஊசி குத்திச் சொட்டு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 1.2. செம்பியின் எடை 3.8 கிலோ. நான் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை

செம்பி காலையில் ஒரு முறை சிறுநீர் கழித்தாள். அந்த ஈரத்தைப் பார்த்து நான் அடைந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

முதல் எண் சரியாக இருந்தும் ஏன் மீண்டும் மீண்டும் இரத்தம் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன். சிறுநீரகங்களின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே கிரியாட்டினின் தெளிவாக உயரும் என்பதால், இன்றைய எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது என்றார். ஆகவே 24, 48, 72 மணி நேரங்களில் பரிசோதனை. இடையில் சிறுநீரின் அளவையும் கவனிக்க வேண்டும்.

திராட்சையின் நஞ்சு எது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்திருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் செயலிழப்பதை அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையம் 2001-இல் எடுத்துரைத்தது. பூஞ்சையா, பூச்சிமருந்தா என்ற ஐயங்களுக்கெல்லாம் பிறகு, 2021-இல் அம்மையத்தைச் சேர்ந்தவர்கள் திராட்சையில் உள்ள புளிப்புப் பொருளான டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தது திராட்சையே அல்ல: அந்த அமிலத்தின் உப்பான டார்டார் உப்பைச் சேர்த்து வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்ற நாய்களுக்கு வருவது போன்ற அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததுதான். புளி தின்ற நாய்களிடமும் அவ்வாறே கண்டார்கள். பழத்தின் வகை, முதிர்ச்சி, விளைந்த மண் ஆகியவற்றுக்கேற்ப இந்த அமிலத்தின் அளவு மாறுகிறது என்பதால், பக்கத்துத் தோட்டத்து மூன்று நாய்களில் ஒன்று மட்டும் செத்ததற்கு ஒருவேளை இதுவே விளக்கமாக இருக்கலாம். கிஸ்மிஸில் நீர் வற்றி எல்லாம் செறிந்திருப்பதால் எடைக்கு எடை அது பழத்தைவிட மோசமானது.

பூனைகளைப் பொறுத்தவரை பதிவான நிகழ்வுகள் மிகக் குறைவு. அவை பழத்தை நாடுவதே அரிது என்பதும் அதற்கு ஒரு காரணம். எண்ணிக்கை குறைவு என்பதைப் பாதுகாப்பு என்று பொருள் கொள்ளலாகாது என்பதே மருத்துவரின் கருத்து; எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

மாலையில் இரண்டாம் பரிசோதனை: 1.3. இது உயர்வு ஆகாது என்றார். இருந்தாலும் அந்த ஒரு புள்ளி இரவு முழுவதும் என்னை உறுத்தப் போகிறது.

மார்ச் 11, திங்கட்கிழமை

கொழுந்தனார் தொலைபேசியில் பேசினார். "அண்ணி, எங்கள் வீட்டுப் பூனை திராட்சை தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே" என்றார். அந்தத் தோட்டத்து நாயைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவர் வாதாடவில்லை.

நான் அவரிடம் சொல்ல நினைத்து விட்டுப்போனது வேறொன்று. பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியை உருவாக்க வேண்டிய மரபணு பூனையில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதைப் பிலடெல்பியாவில் உள்ள மோனல் ஆய்வு மையத்தினர் 2005-இல் வெளியிட்டார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும் கூட அப்படித்தான். செம்பி நக்கியது பாலின் கொழுப்பையும் நெய்யையும். கிஸ்மிஸ் அதோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போயிற்று. வைட்டமின் சியை அவள் ஈரலே தயாரித்துக்கொள்கிறது. மாம்பழத்தின் மஞ்சளில் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ-யாக மாற்றும் திறன் அவள் உடலுக்கு இல்லை. சுவையும் தெரியாமல், சத்தும் சேராமல், சிறுநீரகத்தைப் பணயம் வைத்து ஒரு பழத்தை அவளுக்கு ஊட்டுவதற்கு என்ன காரணம் இருக்க முடியும்?

48 மணி நேரம்: 1.2. சொட்டு மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் சிறுநீர் கழிக்கும் மணல் தட்டில் இன்று மூன்று ஈரக்கட்டிகள் இருந்தன. அவித்த கோழியில் கொஞ்சம் தின்றாள்.

மார்ச் 12, செவ்வாய்க்கிழமை

72 மணி நேரம்: 1.2. வாந்தி இல்லை, பசி இருக்கிறது.

பேத்தி மூன்று நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "பாட்டி, நான் கிண்ணத்தை அங்கே வைத்ததால்தானே?" என்று கேட்டாள். கிண்ணம் கீழே இருந்ததை நானும் பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவள் நான்தான் கண்ணே என்று சொல்லி மடியில் இருத்திக்கொண்டேன். அது உண்மையும் கூட.

மார்ச் 16, சனிக்கிழமை

செம்பி மதில் மேல் ஏறி அணிலைத் துரத்துகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

எந்தப் பழத்தைத்தான் கொடுக்கலாம் என்று பேத்தி கேட்டதற்காக மருத்துவரிடம் விசாரித்தேன். வாழைப்பழமும் விதை நீக்கிய தர்பூசணியும் நஞ்சல்ல, நகத்தளவு துண்டைச் செம்பியே விரும்பி நக்கினால் தடுக்க வேண்டியதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலையும் திராட்சையையும் அண்டவே விடக்கூடாது என்றார்.

இத்தனை ஆண்டுகளாக மீன் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவளுக்கு வைத்துவந்ததையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. புளியோ, திராட்சையைவிடப் பல மடங்கு டார்டாரிக் அமிலம் கொண்டது. திராட்சைக்காகத் தேனிக்கு ஓடிய நான், அதே அமிலத்தை வாரம் இருமுறை என் கையாலேயே தட்டில் வைத்திருக்கிறேன். இனி மீனைக் கழுவியதும் அவள் பங்கை மஞ்சளும் உப்பும் படாமல் தனியாக எடுத்து அவித்துவிடுகிறேன். முள்ளை எடுக்கும் வேலையைப் பேத்தி ஏற்றுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை இன்னும் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.