புதன்கிழமை, ஐந்து பி

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு இரும்பு கடைகிற ரெண்டு லேத் ஓடுகிற சின்னப் பட்டறை. வெர்னியர் என்கிற அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்க வேண்டிய தொழில். காலையில் ஒரு கட்டிங் சரக்கு உள்ளே போகாமல் வெர்னியரை எடுத்தால், கை நடுங்கி அதன் வாய் அளக்கிற இரும்பு மேல் டக டகவென்று அடிக்கும். பையன்கள் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். கட்டிங் போன பிறகுதான் கை நிற்கும்.

குடியை நிறுத்திப் பார்க்காமல் இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டேன். மாலையைக் கழற்றிய சாயங்காலமே வட்டியும் முதலுமாகக் குடிப்பேன். கோயிலில் கயிறு கட்டினோம். யாரோ சொன்னார்கள் என்று வீட்டம்மா ரசத்தில் ஏதோ பொடி கலந்து, நான் நெஞ்சு படபடத்துக் கீழே விழுந்ததும் நடந்தது. தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். உள்ளே மது இருக்கும்போது அந்த மாதிரி மருந்து உயிருக்கே ஆபத்து.

போன வருஷம் மகள் பத்தாவது பரீட்சைக்குக் கிளம்பிய அன்று, வைராக்கியமாக ஒரே அடியாக நிறுத்தினேன். மறுநாள் ராத்திரி வலிப்பு. தினமும் குடிக்கிறவன் டாக்டரைக் கேட்காமல் பட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. வார்டில் பத்து நாள் மாத்திரையும் வைட்டமின் ஊசியும். கிளம்பும்போது கவுன்சிலர் அம்மா டிஸ்சார்ஜ் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்: ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம்), புதன், மாலை 7, ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர். "மருந்து உடம்புக்குங்க. மிச்சத்துக்கு இங்க போங்க."

மூன்று புதன் போனேன், பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்த பேக்கரி வரைக்கும். பகல் பன்னிரண்டுக்கு ஷட்டர் தூக்கும் முன்பே டாஸ்மாக் வாசலில் நின்றவன். அங்கே ஒருநாளும் முகத்தை மறைத்ததில்லை. பேக்கரியில் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு டீ குடித்தேன். நான் குடிப்பது ஊருக்கே தெரியும். நிறுத்தப் போகிறேன் என்பது தெரிந்துவிடுமோ என்றுதான் பயம்.

நாலாவது புதன் கேட் வரை போய்விட்டேன். யாரைப் பார்க்கணும் என்றார் வாட்ச்மேன். வாயில் வந்தது, "பேரண்ட்ஸ் மீட்டிங்." மணி ராத்திரி ஏழு. அவர் சிரிக்கக்கூட இல்லை. "நேராப் போய் சோத்துக்கைப் பக்கம், ஐந்து பி."

பன்னிரண்டு பேர் குழந்தைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட பின்னக் கணக்கு. அதன் மேலேயே ஆணியில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகள் எழுதிய துணி. சர்ச் பள்ளிக்கூடம் என்பதால் மதம் மாற்றுவார்களோ என்று சந்தேகம் இருந்தது. 'நம்மை மீறிய சக்தி' என்று படித்தார்கள். உங்களுக்கு எது சாமியோ அது என்றார்கள். ரிஜிஸ்டர் இல்லை, கட்டணம் இல்லை. குடியை நிறுத்தணும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. கடைசியில் ஒரு பை சுற்றி வந்தது. இருந்தால் போடலாம், வெளியாரிடம் நன்கொடை வாங்குவதே கிடையாதாம்.

மூலையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எழுந்து ஓடலாமா என்று இருந்தது. என் பட்டறையில் சேரும் இரும்புச் சுருளை மாதாமாதம் எடைக்கு எடுக்க வருபவர். அவர் முறை வந்தது. பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி, ஒன்பது வருஷமாக் குடிக்கலீங்க" என்றார். எடை போடும்போது என் வாய் நாற்றத்தை அத்தனை வருஷம் தாங்கிய மனுஷன். வெளியே வந்ததும் சண்டைக்கே போனேன், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

"நாங்க ஆள் புடிக்கறதில்லீங்க. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

1935ல் அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச்சந்தைத் தரகரும் ஒரு சர்ஜனும், ரெண்டு பேருமே மொடாக்குடியர்கள், உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்ததாம் இது. அவர்தான் பைக்கில் சாய்ந்தபடி சொன்னார். குடிகாரன் பேச்சு இன்னொரு குடிகாரனுக்குத்தான் ஏறும் என்பதுதான் மொத்த சூத்திரமும். எனக்கு ஏறியது. டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன். இவர் சொன்னபோது அழுதேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஐந்தாம் மாசம் ஒரு கிடா வெட்டில் மச்சான் ஊற்றினான், குடித்தேன். அடுத்த புதன் போய் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

குடும்பத்தாருக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வீட்டம்மாவைக் கூப்பிட்டேன். "நானென்ன குடிச்சனாங்க, கூட்டத்துக்குப் போறதுக்கு?" என்றாள். நியாயம்தான். இன்னும் போகவில்லை.

எந்த ஊரில் எங்கே என்று தெரியாதவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். போனில் பேச 14446, காசில்லை.

இன்றோடு 97 நாள். இந்த வாரம் டீ என் முறை. ஃபிளாஸ்க் மூடியைப் போன வாரம் யாரோ தொலைத்துவிட்டார்கள். லேத்தில் நைலான் ராடு ஒன்றைக் கடைந்து வைத்திருக்கிறேன். மரை மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.