மீட்டாவா, காராவா?

திருச்செங்கோட்டிலிருந்து போர் போடும் ரிக் வண்டி ராஜஸ்தான் போய்ச் சேர இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அங்கே இரண்டு சீசன் டிரில்லராக இருந்தேன். எங்கள் பக்கம் போர் போடும்போது இருக்கிற கவலை ஒன்றுதான்: தண்ணீர் வருமா, வெறும் பாறைத்தூள் புகை வருமா. வந்துவிட்டால் எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று பார்ப்போம். அந்தக் கணக்கோடுதான் பாலோத்ரா பக்கம் போய் இறங்கினேன்.

அங்கே வீடுகள் சேர்ந்தாற்போல் இருக்காது. நிலத்துக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். டாணி என்பார்கள். நாங்கள் போனது ஒரு கம்பு விவசாயியின் டாணி. அவர், இரண்டு மகன்கள், வயதான அம்மா. எருமையை விற்றுப் பணம் சேர்த்திருந்தார்கள்.

மேலே எழுபது அடி மணல். மணலில் காற்றழுத்தத்தில் இடிக்கிற ஹேமர் வேலைக்கு ஆகாது. காற்றை விட்டால் பக்கச் சுவர் சரியும், ராடைத் தூக்கினால் குழி மூடிக்கொள்ளும். பென்டோனைட் என்கிற களிமண் கரைசல் விட்டுச் சுவரை நிற்க வைத்து கேசிங் குழாய் இறக்குவதற்குள் ஒரு பகலும் பாதி இரவும் போய்விட்டன. அப்புறம் பாறை. மலானி ரையோலைட் என்கிற எரிமலைப் பாறை, சுமார் 75 கோடி வருடப் பழசு. செம்பழுப்பு நிறத்தில் தூள் வந்துகொண்டே இருந்தது. பாறையைக் குடைகிற பிட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனைப் பட்டன்கள் மழுங்கிப் போயிருந்தன.

நானூற்றுப் பத்து அடியில் புகை அடங்கியது. தூள் ஈரமானது, சேறானது, பிறகு தண்ணீர் பீறிட்டது. நல்ல இரண்டு இஞ்ச். பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த அம்மா மெதுவாக நடந்து வந்தார். கலங்கல் தெளியட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கை ஏந்தி வாயில் விட்டார், துப்பினார். முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு ஒரே சொல் சொன்னார்: "காரா."

உப்பு. சின்ன மகன் பாட்டிலில் பிடித்து டவுனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்து வந்தான். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவான டிடிஎஸ், லிட்டருக்கு ஆறாயிரம் மில்லிகிராமுக்கு மேல். குடிநீருக்கு 500 நல்லது. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. இதைக் கம்புக்குக்கூடப் பாய்ச்ச முடியாது.

"இன்னும் ஆழம் போனால் மீட்டா கிடைக்குமா பாய்?" என்று விவசாயி என்னிடம்தான் கேட்டார். மீட்டா என்றால் நல்ல தண்ணீர். கூட வந்த ஏஜென்ட் முந்திக்கொண்டு, "கிடைக்கும், போடுங்க" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு அடிக் கணக்கில் கூலி. இன்னும் இருநூறு அடி இறக்கினோம். அதே உப்பு. அந்த இருநூறு அடிக்கும் அவர் நோட்டு நோட்டாக எண்ணிக் கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை.

பச்பத்ரா உப்பளம் அந்தப் பக்கம்தான். கடலே இல்லாத இடத்தில் குழி தோண்டி, ஊறுகிற உப்புநீரைக் காயவைத்து உப்பு எடுக்கிறார்கள். லூனி ஆறு பாலோத்ரா வரைக்கும் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புக் கரிக்கும். அந்தப் பெயரே உப்பைக் குறிக்கும் லவணம் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். பக்கத்து டாணிக் கிணற்றில் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தால்கூடப் போதும். நான் பார்க்கவில்லை.

குழியை அப்படியே விட்டு வரவில்லை. கேசிங் வாயில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தோம். பேரப்பிள்ளைகள் ஓடியாடுகிற இடம். கிளம்பும்போது அந்த அம்மா டாங்காவிலிருந்து வாளியில் இறைத்து டீ போட்டுக் கொடுத்தார். டாங்கா என்பது வாசலில் வட்டமாகத் தோண்டிய நிலத்தடித் தொட்டி. சுற்றிலும் மண்ணைச் சரிவாக இறுக்கி வைத்திருப்பார்கள், பெய்கிற மழை அதில் வழிந்து உள்ளே இறங்கும். மழைநீர் பாலர் பானி, மணலுக்கடியில் தங்குவது ரேஜானி பானி, ஆழத்தில் இருப்பது பாதாள பானி என்று தண்ணீருக்கு மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். எருமை விற்ற பணத்தில் இன்னொரு டாங்கா கட்டியிருக்கலாம்.

அடுத்த சீசனில் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ரிக்கின் மாஸ்ட் கம்பத்தைத் தூக்குவதற்கு முன் சுற்று வட்டாரக் கிணறுகளைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்று இடங்களில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். ஏஜென்டுக்குக் கோபம்தான். சரி, இருக்கட்டும்.

2024 டிசம்பர் கடைசியில் ஜெய்சல்மேர் மோகன்கட் பக்கம் 850 அடியில் தண்ணீர் பீறிட்டு, ரிக் வண்டியே பூமிக்குள் போனது. அந்த வீடியோவைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை இஞ்ச் இருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் பாலோத்ராவுக்குப் போன் போட்டு, அந்தச் சின்ன மகனிடம் மீட்டாவா காராவா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்றான். அப்புறம், இந்த வருடம் டாங்கா நிரம்பி வழிந்தது, பாட்டி நன்றாக இருக்கிறார் என்றான்.