சலாதிபுராவின் கந்தகக் கல்லும் ஆயாவின் பெட்டியும்

காரைக்குடியில் எங்கள் ஆயாவின் இரும்புப் பெட்டியில், பொன்னிறத்தில் மின்னும் கனசதுரக் கல் ஒன்று நெடுநாள் இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் அதைப் பத்தரிடம் கொண்டு போனேன். அவர் உரைகல்லில் தேய்த்து, மஞ்சள் கோடு விழ வேண்டிய இடத்தில் பச்சை கலந்த கருங்கோடு விழுந்ததைக் காட்டி, "தம்பி, இது பொன்னில்லை" என்றார். பின்னாளில் கனிமவியல் வகுப்பில் நான் கற்ற முதல் சோதனையும் அதுவே. அந்தக் கல் பைரைட், எடையில் 53.4 விழுக்காடு கந்தகம், மிச்சம் இரும்பு.

அந்த ஆர்வம்தான் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்திலுள்ள சலாதிபுரா பைரைட் படிவைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது. ஏறத்தாழ 11.5 கோடி டன் தாது இருப்பதாகக் கணக்கிடப்பட்டும், சுரங்கத் தொழில் வேரூன்றாமல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும் படிவு அது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன், உயிர்க்காற்று எட்டாத கடலடிச் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடி அடுக்கடுக்காகப் படிந்தன என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம். தாதுவைச் சூழ்ந்துள்ள கரிமம் மிகுந்த பாறைகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. பிறகு அந்த அடுக்குகள் மலையாக்கத்தில் மடிந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தன. அவ்வாறு வேகும்போது பைரைட் தன் கந்தகத்தில் ஒரு பங்கை இழந்து, காந்தத்தால் ஈர்க்கப்படும் பிர்ரோடைட் என்னும் கனிமமாக மாறக்கூடும். சலாதிபுராவில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. தாதுவின் சராசரிக் கந்தகம் 22.5 விழுக்காடுதான். பீகாரின் அம்ஜோரில், அதிகம் மடியாத விந்தியப் பாறைகளுக்கிடையே கிடைத்த பைரைட்டில் அது ஏறத்தாழ 40. அந்தச் சுரங்கமும் பின்னர் மூடப்பட்டது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் துணைப்பொருளாகவே கிடைக்கத் தொடங்கிய பின், பாறையை உடைத்துக் கந்தகம் எடுப்பதன் தேவை குறைந்தது.

இத்தகைய படிவுகளைத் தேடுவோர் முதலில் பார்ப்பது துருநிற மேற்பரப்பை. மழைநீரும் காற்றும் பட்ட பைரைட் கந்தக அமிலமாகக் கரைந்தோட, இரும்பு மட்டும் துருவாகத் தங்கும்; அதைக் காஸன் என்பர். எங்கள் பகுதியின் செம்பூரான் கல்லும் அதே செந்நிறந்தான், ஆனால் பிறப்பு வேறு: வெப்பமும் மழையும் சாதாரணப் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக் கழுவிவிட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி இறுகியது அது. கல்லின் துளைகளை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். செம்பூரானில் ஒழுங்கற்ற புழைகள் இருக்கும், காஸனிலோ கரைந்துபோன பைரைட் படிகங்களின் கனசதுர அச்சு சில வேளைகளில் அப்படியே நிற்கும்.

சலாதிபுரா தோண்டப்படாமல் இருப்பதை ஓர் இழப்பாக நான் கருதவில்லை. காற்றுப் படாதவரை அந்தத் தாது அமைதியாக இருக்கும். சுரங்கம் திறந்து நீரும் காற்றும் உள்ளே புகுந்தால், அதே அமில வினை ஊர்க் கிணறுகள்வரை எட்டக்கூடும். ஆயாவின் கல்லும் ஒரு மழைக்காலத்தில் வெண்பொடி பூத்து, அதைச் சுற்றியிருந்த துணியை அரித்துவிட்டது. அன்றிலிருந்து அதை உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி வைத்திருக்கிறேன்.