கேட்பவர் முகம்

தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் சினிமாவுக்கு காமெடி எழுதுகிறான் என்றால், கோடம்பாக்கத்தில் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: 'இன்னா நைனா' என்று நாலு வசனம், ஒரு ரவுடி, ஒரு கானா. உதவி இயக்குநராக இருந்தபோது டிஸ்கஷனில் என் முறை வந்தாலே, "லோக்கலா ஒண்ணு எடுத்து வுடுப்பா" என்பார்கள். எங்கள் பேச்சே சிரிப்பு என்று நினைப்பு. காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும்போது கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கலாய்ப்பவர் விடுவது பெரும்பாலும் பழைய சரக்குதான். மாட்டிக்கொண்டவர் ஒரு நொடி திருதிருவென்று விழிப்பார் பாருங்கள், கூட்டம் சிரிப்பது அதற்குத்தான்.

1964-ல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் அப்பாவாக வரும் பாலையாவுக்குத் திகில் கதை சொல்வார். சித்ராலயா கோபுவின் கைவண்ணம். நாகேஷ் என்னதான் அமர்க்களம் செய்தாலும் என் கண் பாலையாவிடம்தான் போகும். அவர் ஜோக் எதுவும் அடிப்பதில்லை. பயப்படுகிறார், அவ்வளவுதான்.

நானே இயக்க வந்த பிறகு தினமும் இதற்குத்தான் மல்லுக்கட்டு. காமெடியனின் வசனத்தை எடுத்து முடித்ததும், கேட்பவரின் குளோசப் ஒன்று தனியாக வேண்டும் என்பேன். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும், புரொடக்‌ஷன் மேனேஜர் வாட்சைப் பார்ப்பார். "அவருக்குத்தான் டயலாக்கே இல்லையே சார்?" முதலில் வெட்டு விழுவது அந்த ஷாட்டுக்குத்தான். தப்பித்து வந்தாலும் எடிட்டிங்கில் இன்னொரு கண்டம் இருக்கிறது.

செட்டில் கேட்கும் சிரிப்பையும் நான் நம்புவதில்லை. லைட்மேன்கள் முதல் டேக்குக்குச் சிரிப்பார்கள், மூன்றாவதில் டீ எங்கே என்று பார்ப்பார்கள். (நியாயம்தான்.) அதைப் பார்த்து மிரண்டு நடிகரைக் கூடுதலாகக் கத்தவிட்டால் காட்சி கெட்டது.

நிஜமான கணக்கு தியேட்டரில்தான். எங்கள் ஏரியா அகஸ்தியா 2020-ல் மூடும்வரை, என் படமோ பிறர் படமோ, அங்கே திரையைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு வசனத்துக்குப் பெரிதாகச் சிரித்தால் அடுத்த வசனம் காதில் விழாது. அதனால் சிரிப்பு வரும் என்று தோன்றும் இடத்துக்கு அடுத்த வரியில் கதைக்கு முக்கியமான தகவல் எதையும் நான் வைப்பதில்லை. அந்த இடத்தில் யாராவது சும்மா விழித்துக்கொண்டு நிற்பார்கள்.