நிலைச்சீட்டும் வருசீட்டும்

டாரட் சீட்டுகளைப் படித்துச் சொல்வதைத் தொழிலாகக் கொண்டு எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது, எந்தச் சீட்டுடன் எந்தச் சீட்டு சேர்ந்தால் என்ன பொருள் என்பதைத்தான். ஒரு பட்டியல் கிடைத்துவிட்டால் மனப்பாடம் செய்துவிடலாம் என்ற ஆவல் அந்தக் கேள்வியில் தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நோட்டுப் புத்தகம் ஒன்றில் கோடு போட்டு, இடப்பக்கம் இரண்டு சீட்டுகளின் பெயர், வலப்பக்கம் அவை சேர்ந்தால் வரும் பொருள் என்று எழுதி வைத்தேன். ஏறக்குறைய நானூறு இணைகள் எழுதிய பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒரு கட்டில் 78 சீட்டுகள்: மரணம், கோபுரம் போன்ற பெயர்கொண்ட 22 படச் சீட்டுகளும், கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு இனங்களில் 56 சீட்டுகளும். இரண்டிரண்டாக எடுத்தால் 3,003 இணைகள் வரும். தலைகீழாக விழும் சீட்டுக்குத் தனிப்பொருள் உண்டென்று கொண்டால் அது 12,012 ஆகிவிடும். மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்தால், நேராக விழுபவை மட்டுமே 4,56,456 வகை. அன்று மூடிய நோட்டை நான் மறுபடி திறக்கவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அம்மையார், பாடம் என்று எதையும் நடத்தியவர் அல்லர். மேசைமேல் இரண்டு சீட்டுகளை வைப்பார். என்னைப் பேசவிடாமல் ஐந்து நிமிடம் உட்காரவைப்பார். ஒருநாள் நான் இரண்டுக்கும் ஒழுங்காகப் பொருள் சொல்லி முடித்தபோது, "இரண்டையும் தனித்தனியாகப் படித்துவிட்டாய். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே இல்லை" என்றார். அதைக் கேட்டதும் பள்ளியில் படித்த புணர்ச்சி இலக்கணம் நினைவுக்கு வந்தது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் சில நேரம் எதுவும் மாறுவதில்லை. சில நேரம் ஓர் எழுத்து புதிதாகத் தோன்றும், ஒன்று வேறொன்றாகத் திரியும், அல்லது இருந்தது கெட்டுப்போகும். சீட்டுகளும் இப்படித்தான் ஒன்றையொன்று சந்திக்கின்றன என்று அன்று தோன்றியது. இன்றுவரை அதைவிடப் பொருத்தமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆவதுபோல, எட்டு நாணயச் சீட்டும் ஹைரோஃபண்ட் என்னும் குருவின் சீட்டும் அருகருகே விழுந்தால் இரண்டும் தத்தம் பொருளில் அப்படியே நிற்கும். முதலாவதில் ஒருவன் பலகையில் அமர்ந்து ஒவ்வொரு நாணயமாகச் செதுக்கிக்கொண்டிருப்பான். இரண்டாவதில் ஆசிரியர் அமர்ந்திருப்பார். முறையாகப் பயில்வது என்று படித்தால் போதும். பூவும் கொடியும் சேரும்போது இல்லாத ஒரு மெல்லெழுத்து தோன்றிப் பூங்கொடி ஆவதுபோல, பேரரசியும் முதல் கோப்பையும் சேரும் இடத்தில், இரண்டிலும் தனியாக இல்லாத கருவுறுதல் என்ற பொருள் தோன்றும். பொற்குடத்தில் பொன் என்பது பொற் என்று திரிகிறதே, அதுபோல ஆறு வாளுக்குப் பக்கத்தில் வரும் மரணச் சீட்டு திரிகிறது. ஆறு வாளில் படகோட்டி ஒருவன் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குச் செல்கிறான். அதன் அருகில் மரணம் என்பது, ஒரு வாழ்க்கையை முடித்துவிட்டு வேறோர் இடத்தில் தொடங்குவதாக மாறிவிடுகிறது.

கெடுதல்தான் புதியவர்கள் கடைசியாகக் கற்றுக்கொள்வது. மரவேரில் மகரம் கெட்டதுபோல, ஒரு சீட்டின் வலிமை பக்கத்துச் சீட்டுகளால் அடங்கிப்போவதுண்டு. 1888இல் லண்டனில் தன் முதல் ஆலயத்தைத் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவினர் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். கோல் நெருப்பு, கோப்பை நீர், வாள் காற்று, நாணயம் நிலம். நெருப்பும் நீரும் பகை, காற்றும் நிலமும் பகை; பகையானவை அருகருகே வந்தால் ஒன்றையொன்று தளர்த்தும் என்பது அவர்கள் கொள்கை. கோப்பை இனச் சீட்டுகள் இரண்டுக்கு நடுவில் முதல் கோல் விழுந்தால், புதிய தொடக்கம் என்று உற்சாகமாகச் சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். அந்தத் தீ இரண்டு பக்கமும் தண்ணீரால் சூழப்பட்டிருக்கிறது.

எது முதலில் நிற்கிறது, எது பின்னால் வருகிறது என்பதும் முக்கியம். பதினாறாம் சீட்டான கோபுரத்தில் இடி விழுந்து மேலிருந்து இருவர் தலைகுப்புற விழுகிறார்கள்; பதினேழாம் சீட்டான நட்சத்திரத்தில் ஒரு பெண் மண்டியிட்டு நீரை ஊற்றுகிறாள். கோபுரம் முன்னும் நட்சத்திரம் பின்னும் வந்தால், இடிந்த பிறகு மூச்சுவிட ஓர் இடம் கிடைக்கிறது. வரிசை மாறினால், நம்பிக்கையோடு கட்டிய ஒன்று ஆட்டம் காண்கிறது. அவை அதே இரண்டு சீட்டுகள்தாம். படத்தில் உள்ளவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். 1909இல் லண்டனில் வெளிவந்து இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் கட்டில் கோப்பை வீரனின் குதிரை வலப்பக்கம் நடக்கிறது, வாள் வீரனின் குதிரை இடப்பக்கம் பாய்கிறது. கோப்பை வீரன் இடப்புறமும் வாள் வீரன் வலப்புறமும் விழுந்தால், மெதுவாக வருகிறவனும் வேகமாகப் பாய்கிறவனும் நேருக்கு நேர். இடம் மாறி விழுந்தால், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருப்பார்கள். கணவன் மனைவியைப் பற்றியோ கூட்டாளிகளைப் பற்றியோ கேட்கும்போது இந்த ஒரு விவரமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இப்படிப் படிக்க முடிவதற்குக் காரணம் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர். அந்த 1909 கட்டை வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட் தந்த கருத்துகளைக் கொண்டு 78 சீட்டுகளுக்கும் படம் வரைந்தவர் அவர்தான்; எண் சீட்டுகளிலும் பெரும்பாலும் மனிதர்களையும் நிகழ்ச்சிகளையும் வரைந்தார். அதற்கு முந்தைய, பிரான்சின் மார்சேய் வகைக் கட்டுகளில் எண் சீட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகள் மட்டுமே இருக்கும். அங்கே பார்வைத் திசைக்கு வேலையில்லை, எண்ணும் இனமுமே பேசும். ஒரு கட்டின் வழக்கை இன்னொரு கட்டுக்குப் பொருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும். வெயிட் தம் கட்டில் வலிமைக்கு எட்டையும் நீதிக்குப் பதினொன்றையும் கொடுத்தார். மார்சேயில் இது நேர்மாறு. எண்ணை வைத்து இணை பார்ப்பவர், தாம் எந்தக் கட்டைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை மறந்தால் முழுவதும் பிசகிவிடும்.

எழுதப்படாத விதிகளுக்கு வருகிறேன். முதல் கட்டை நாமே வாங்கக்கூடாது, யாராவது பரிசாகத் தரவேண்டும் என்பார்கள். பட்டுத்துணியில் சுற்றவேண்டும், பிறர் தொடக்கூடாது என்பார்கள். இவற்றைப் பழமையின் பெயரால் சொல்வதை மட்டும் நான் ஏற்பதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது ஒரு சீட்டாட்டம். எகிப்திய ஞானம் இதில் ஒளிந்திருக்கிறது என்று 1781இல் பாரிசில் கூர் த ஜெபலென் என்ற எழுத்தாளர் எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்கும் வழியை ஷம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அறிவித்ததே 1822இல்தான். பட்டுத்துணி யாருக்காவது மன ஒருமையைத் தருமானால் சுற்றிக்கொள்ளட்டும். அந்தச் சீட்டாட்டத்தில் படச் சீட்டுகள் இனச் சீட்டுகளை வெட்டும். மேஜர் அர்கானா எனப்படும் அந்த 22 படச் சீட்டுகளின் குரலை மற்ற 56 சீட்டுகளுக்கு மேலாக வைத்துப் படிக்கும் இன்றைய வழக்கில் அந்த ஆட்டத்தின் நிழலைத்தான் நான் காண்கிறேன்.

நான் மதிக்கும் விதிகள் வேறு. அவை எல்லாம் எதிரில் அமர்ந்திருப்பவரைப் பற்றியவை. நோயையும் ஆயுளையும் பற்றிச் சீட்டைக் கேட்பதில்லை. மருத்துவரைப் பார்க்கச் சொல்லவேண்டும். பேரரசியும் முதல் கோப்பையும் சேர்ந்து விழுந்தாலும், கேட்டவர் தாமாகச் சொல்லாதவரை கருவைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவர் எத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறார் என்பதோ, எதை இழந்துவிட்டு வந்திருக்கிறார் என்பதோ நமக்குத் தெரியாது. விழுந்த சீட்டு பிடிக்கவில்லை என்பதற்காக விளக்கச் சீட்டு என்ற பெயரில் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்துக்கொண்டே போவதில்லை. நான்காவது ஐந்தாவது சீட்டில் நாம் விரும்பிய பதில் கட்டாயம் வந்துவிடும், அது சீட்டின் பதிலாக இருக்காது. சூழ்நிலை மாறாமல் அதே கேள்விக்கு மறுபடி சீட்டுப் போடுவதில்லை. இங்கே இல்லாத ஒருவரின் மனத்தில் என்ன இருக்கிறது என்று படிப்பதில்லை.

கடைசியாகச் சொன்ன விதியை அம்மையார் எனக்கு முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தார். மரியாதைக்காகச் சொல்லும் விதி என்று எண்ணிக்கொண்டேன்.

தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் வந்தார். கணவர் இரண்டு மாதங்களாகச் சரியாகப் பேசுவதில்லை, என்ன காரணம் என்று தெரியவேண்டும் என்றார். மூன்று சீட்டுகள் எடுத்தேன்: மூன்று கோப்பை, நிலா, மூன்று வாள். மூன்று கோப்பையில் மூன்று பெண்கள் கோப்பைகளை உயர்த்தி மகிழ்கிறார்கள். மூன்று வாளில் மழைமேகத்தின் நடுவே ஓர் இதயத்தை மூன்று வாள்கள் துளைத்திருக்கின்றன. கோப்பையும் வாளும் இப்படி மூன்றும் மூன்றுமாகச் சேர்ந்தால் உறவின் நடுவில் மூன்றாமவர் என்பது தொழிலில் பலரும் சொல்லும் இணை. என் பழைய நோட்டிலும் அது இருந்தது. நடுவில் நிலா வேறு, மறைந்திருப்பதைக் குறிக்கும் சீட்டு. அரை நிமிடம்கூட யோசிக்காமல், "உங்கள் இருவருக்கும் நடுவில் இன்னொருவர் இருப்பதாகத் தெரிகிறது" என்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த கைக்குட்டையை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார், பணத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான்கு மாதங்கள் கழித்து மறுபடி வந்தார். அவருடைய கணவரும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு தொழிலில் பணம் போட்டு, அத்தனையையும் இழந்திருக்கிறார்கள். நட்பும் அதோடு முறிந்திருக்கிறது. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக் கணவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இது தெரிவதற்குள் இவர் கணவரின் கைப்பேசியைச் சோதித்திருக்கிறார், அவரோடு வேலை செய்யும் பெண் ஒருவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டிருக்கிறார், மூன்று வாரம் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்கள் பார்த்தது இருந்ததுதான் மேடம். அது ஒரு பெண் என்று நீங்கள் சொன்னீர்களா, நானே நினைத்துக்கொண்டேனா என்று இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை" என்றார்.

எனக்கு நினைவிருந்தது. பெண் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொள்வார் என்பது தெரிந்தேதான் சொன்னேன். அதை அவரிடம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்ட கேள்வி தம்மைப் பற்றியது அல்ல, அந்த அறையில் இல்லாத ஒருவரைப் பற்றியது. 'இந்த மௌனத்தை நான் எப்படி எதிர்கொள்வது' என்று அதைத் திருப்பியிருந்தால், அதே மூன்று சீட்டுகளும் அவரோடு மட்டும் புணர்ந்திருக்கும். அறையில் இல்லாதவரைப் படிக்கும்போது நிலைமொழி ஒன்று கையில் இல்லாமலேயே நாம் வருமொழியைச் சேர்த்துவிடுகிறோம். விடுபட்ட இடத்தை நிரப்புவது நம் பழக்கமும் கேட்பவரின் அச்சமும்தான். அம்மையார் ஏன் அந்த விதியை முதலில் சொன்னார் என்பது அன்று புரிந்தது.

புதிதாகச் சீட்டுப் போடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அந்த மூன்று சீட்டுகளையும் மறுபடி பார்க்கவேண்டும் என்றார். கட்டிலிருந்து அவற்றைத் தேடி எடுத்து, அன்று விழுந்த வரிசையிலேயே வைத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவில் இருந்த நிலாவை ஒரு விரலால் மெல்லத் தள்ளி ஓரமாக வைத்துவிட்டு, "இது இல்லாமல் படித்தால் என்ன வரும்?" என்று கேட்டார்.

"மூன்று நண்பர்கள், ஓர் இழப்பு" என்றேன்.